உங்களுக்குத் தெரியுமா? ஜோடி வேண்டாம், வரிசை போதும்!

அமெரிக்காவின் கன்ட்ரி லைன் டான்ஸுக்கு ஜோடியே தேவையில்லை! தனியாகப் போகலாம், தனியாகவே ஆடலாம். ஆனால் வலப்பக்கம், இடப்பக்கம், முன்னால், பின்னால் என்று அரங்கமே நீங்கள் போடும் அதே அடியை அதே நொடியில் போடும்! யார் கையையும் பிடிக்க வேண்டாம். பெயர்கூடக் கேட்க வேண்டாம். நம்ம ஒயிலாட்டக்காரர்களுக்கு ஜீன்ஸும் கௌபாய் தொப்பியும் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அப்படி!

‘எனக்கு ஆடத் தெரியாதே’ என்கிறீர்களா? அதற்காகவேதான் பிகினர் பார்ட்டி! சான் பிரான்சிஸ்கோ ஆகட்டும், நியூயார்க் ஆகட்டும், முதலில் பாடம், அப்புறம்தான் கொண்டாட்டம். தலையில் மைக் மாட்டிய ஆசிரியர் உங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருடைய வலது காலும் உங்கள் வலது காலும் ஒரே பக்கம் இருக்க வேண்டுமே!

ஒரு சின்னக் கணக்கு. பெரும்பாலான ஆட்டங்கள் 32 கௌன்ட், அதாவது 32 தாளம். நிமிடத்துக்கு 120 தாளம் ஓடும் பாட்டு என்றால் ஒரு முழுச் சுற்று வெறும் 16 விநாடி! மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் அதே 32 கௌன்ட்டை 11 தடவை ஆடிவிடுவீர்கள். முதல் மூன்று சுற்றில் கால் குழம்பினாலும் கவலையில்லை. பாக்கி எட்டு இருக்கிறது!

‘பிகினர்’ என்பதுதான் அடிமட்டம் என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! அதற்கும் கீழே ‘அப்சல்யூட் பிகினர்’ என்று ஒரு படி உண்டு. வலது எது, இடது எது என்று யோசித்து ஆடுகிறவர்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது!

லைன் டான்ஸில் சுவருக்குப் பெரிய மரியாதை! ‘ஒன் வால்’ ஆட்டம் என்றால் கடைசிவரை ஒரே சுவரைப் பார்த்து ஆடுவார்கள். ‘டூ வால்’ என்றால் ஒரு சுற்று முன்சுவர், அடுத்த சுற்று பின்சுவர். ‘ஃபோர் வால்’ என்றால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கால்வட்டம் திரும்பி, நான்கு சுவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்! திசைக்குக் கடிகார முள்தான் கணக்கு. முன்சுவர் 12 மணி, பின்சுவர் 6 மணி!

இதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ‘கூச்சமாக இருக்கிறது, கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளலாம்’ என்று பின்னால் போய் நிற்பார்கள். பாட்டு தொடங்கும். 16 விநாடி ஓடும். ‘டூ வால்’ ஆட்டமாக இருந்தால் மொத்தக் கூட்டமும் ‘டக்’கென்று திரும்பும். இப்போது கடைசி வரிசைதான் முதல் வரிசை! பார்த்து ஆட எதிரே ஒரு ஆள் கிடையாது. வெறும் சுவர்! அனுபவசாலிகள் என்ன செய்வார்கள் தெரியுமா? புதியவர்களை நட்டநடுவில் நிறுத்திவிட்டு, தாங்கள் நாலாபுறமும் ஓரத்தில் நிற்பார்கள். எந்தச் சுவர் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட ஒரு முதுகு கிடைக்கும்!

அடிகளின் பெயர்களைக் கேளுங்கள். கிரேப்வைன், ஜாஸ் பாக்ஸ், கோஸ்டர் ஸ்டெப், கிக் பால் சேஞ்ச், ராக்கிங் சேர்! பயந்துவிடாதீர்கள். கிரேப்வைன் என்பது பக்கவாட்டில் ஓர் அடி, பின்னால் ஓர் அடி, மறுபடி பக்கவாட்டில் ஓர் அடி, கடைசியில் ஒரு தொடுகை. நாலே கௌன்ட்! இது ஒன்று வந்துவிட்டால் பிகினர் ஆட்டங்களில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டு கௌன்ட்டில் மூன்று அடி வைக்க முடியுமா? முடியும்! அதுதான் ஷஃபிள்!

சரி, இதெல்லாம் கௌபாய்கள் மாடு மேய்த்துவிட்டு ஆடிய பழைய ஆட்டம் என்றுதானே நினைத்தீர்கள்? போச்சு! இன்று நாம் பார்க்கும் லைன் டான்ஸின் பூர்வீகத்தில் பாதி, கண்ணாடி உருண்டை சுற்றும் டிஸ்கோ கிளப்! 1970களின் டிஸ்கோ கூட்டம் வரிசை கட்டி ஆடிய ஆட்டங்கள்தான் பின்னாளில் பூட்ஸ் மாட்டிக்கொண்டன.

சாட்சி வேண்டுமா? ஜான் டிரவோல்ட்டா! 1977-ல் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்தில் டிஸ்கோ தளத்தில் வரிசையில் ஆடினார். மூன்றே ஆண்டு. 1980-ல் ‘அர்பன் கௌபாய்’ படத்தில் தலையில் தொப்பியோடு வந்துவிட்டார்! அமெரிக்க நகரவாசிகள் கடை கடையாய் ஏறி கௌபாய் பூட்ஸ் வாங்க ஆரம்பித்தார்கள். அந்தப் படத்தில் வந்த கில்லீஸ் கிளப் நிஜமான கிளப். டெக்சாஸின் பசடேனா நகரில் இருந்தது. உள்ளே இயந்திரக் காளை வேறு!

டிஸ்கோவுக்கும் முன்னால் போகலாமா? 1950களின் கடைசியில் ‘மேடிசன்’ என்ற வரிசை ஆட்டம் அமெரிக்காவைக் கலக்கியது. அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? பிரெஞ்சு இயக்குநர் கோதார்டின் 1964 படத்துக்கு! ‘பாண்ட் ஆ பார்’ படத்தில் அன்னா கரீனாவும் இரண்டு ஆண்களும் ஒரு கஃபேக்குள் மேடிசன் ஆடுவார்கள். உலக சினிமா ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் காட்சி ஒரு லைன் டான்ஸ்!

அட, நம்மூர்ப் பள்ளி ஆண்டுவிழாவிலெல்லாம் போட்டுத் தாக்கினார்களே ‘மக்கரேனா’, அதுவும் லைன் டான்ஸ்தான்! 1996-ல் அமெரிக்காவின் ‘ஹாட் 100’ பட்டியலில் 14 வாரம் முதலிடம். பாடியவர்கள் ஸ்பெயினைச் சேர்ந்த இரண்டு நடுவயது ஆசாமிகள்!

ஒரு நடனத்துக்குக் காப்புரிமை வழக்கு நடந்த கதை தெரியுமா? உட்கார்ந்து கேளுங்கள், நாம் தேடிப் பிடித்ததிலேயே சுவையானது இது! அமெரிக்கக் கல்யாண வீடுகளில் பாட்டி முதல் பேத்திவரை ஆடும் ஆட்டம் ‘எலக்ட்ரிக் ஸ்லைட்’. இதை 1976-ல் அமைத்தவர் ரிக் சில்வர். ஊரெல்லாம் ஆடுவது 18 அடி. ‘தப்பு, தப்பு! நான் அமைத்தது 22 அடி!’ என்றார் அவர். அதோடு விட்டாரா? தப்பாக ஆடியவர்களின் வீடியோக்களை யூடியூபிலிருந்து நீக்கச் சொல்லிக் கிளம்பிவிட்டார்! விஷயம் 2007-ல் நீதிமன்றம்வரை போனது. கடைசியில் சமரசம். காசு பார்க்காத யார் வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார். உலகம் என்ன செய்தது? இன்னமும் 18 அடிதான் ஆடுகிறது!

அந்த ஆட்டத்துக்கான ‘எலக்ட்ரிக் பூகி’ பாட்டு கன்ட்ரியே கிடையாது. எழுதியவர் ஜமைக்காவின் பன்னி வெய்லர். பாடியவர் பாப் மார்லிக்குப் பின்பாட்டுப் பாடிய மார்ஷியா கிரிஃபித்ஸ்! கௌபாய் பூட்ஸ் போட்டு ஆடுவது ரெகே நாட்டுப் பாட்டுக்கு! ‘ஹாட் 100’ பட்டியலில் அது தொட்ட உச்சம் எது தெரியுமா? 51-வது இடம்!

இன்னொரு பாட்டின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள். ‘ஏக்கி பிரேக்கி ஹார்ட்’. முதலில் ‘ஓக் ரிட்ஜ் பாய்ஸ்’ குழுவிடம் போனது. ‘ஏக்கி பிரேக்கி என்று ஒரு வரியா?’ என்று முகம் சுளித்துத் தள்ளிவிட்டார்கள். அடுத்து ‘மார்சி பிரதர்ஸ்’. அவர்கள் வேறு தலைப்பில் 1991-ல் பாடினார்கள். பெரிதாக ஓடவில்லை. 1992-ல் பில்லி ரே சைரஸ் என்ற புதுமுகம், பழைய வரியை அப்படியே வைத்துப் பாடினார். அவ்வளவுதான்! மெலனி கிரீன்வுட் அதற்கென்று அமைத்த லைன் டான்ஸ் அமெரிக்காவைத் தாண்டி உலகம் சுற்றியது. சைரஸின் ஆல்பம் 17 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் டிரிபிள் பிளாட்டினம் வாங்கிய முதல் சிங்கிளும் அதே பாட்டுதான்!

அதே 1992 நவம்பரில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். பெயர் மைலி சைரஸ்!

கதை அதோடு முடியவில்லை. 27 வருடம் கழித்து, 2019-ல் ‘ஓல்ட் டவுன் ரோடு’ பாட்டு 19 வாரம் முதலிடத்தில் நின்று சாதனை படைத்ததே? அதில் லில் நாஸ் எக்ஸுடன் சேர்ந்து பாடியவர் யார்? சாட்சாத் பில்லி ரே சைரஸ்!

‘பூட் ஸ்கூட்டின் பூகி’ பாட்டை 1992-ல் நான்கு வாரம் கன்ட்ரி முதலிடத்தில் வைத்தது ‘புரூக்ஸ் அண்ட் டன்’ ஜோடி. ஆனால் அதை முதலில் ரெக்கார்டு செய்தது அவர்கள் இல்லை. ‘அஸ்லீப் அட் தி வீல்’ என்ற டெக்சாஸ் குழு, 1990-லேயே! அந்த ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட லைன் டான்ஸ்கள் உண்டு. ‘பூட் ஸ்கூட்டின் ஆடலாமா?’ என்று யாராவது கேட்டால், ‘எந்த பூட் ஸ்கூட்டின்?’ என்று திருப்பிக் கேளுங்கள். கெத்தாக இருக்கும்!

அமெரிக்க பார்ட்டிகளில் கூரையைப் பிய்க்கும் ‘காட்டன் ஐ ஜோ’. வயலின், பாஞ்சோ, கௌபாய் கூச்சல்... இதைவிட அமெரிக்கத்தனமான பாட்டு உண்டா? பாடிய ‘ரெட்னெக்ஸ்’ குழு எந்த ஊர் தெரியுமா? சுவீடன்! மூலப் பாட்டு அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் முந்தைய நாட்டுப்புறப் பாடல். 1994-ல் சுவீடன்காரர்கள் அதற்கு டெக்னோ பூசி விற்றார்கள். 1995-ல் பிரிட்டனில் முதலிடம்!

பிரிட்டனும் சும்மா இருக்கவில்லை. லைன் டான்ஸ் மோகத்தை நம்பியே 1997-ல் களமிறங்கியது ‘ஸ்டெப்ஸ்’ குழு. முதல் பாட்டின் பெயர்? ‘5, 6, 7, 8’! ஆட்டம் தொடங்கும் முன் ஆசிரியர் எண்ணுவதே அதுதான். பட்டியலில் 14-க்கு மேல் ஏறவேயில்லை. ஆனால் விற்றது 3 லட்சம் பிரதிக்கு மேல்!

ஆஸ்திரேலியர்கள் இன்னும் ஒருபடி மேல். டீனா டர்னர் தன் சொந்த ஊரைப் பற்றி 1973-ல் பாடிய ‘நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்’ பாட்டுக்கு அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே வரிசை ஆட்டம் தெரியும். ஊர் அமெரிக்காவின் டென்னசியில், ஆட்டம் ஆஸ்திரேலியாவில்! குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் பக்கம் பாலைவனத்தில் நடக்கும் ‘பிக் ரெட் பாஷ்’ விழாவில் 2022-ல் இதை ஆடியவர்கள் 4,084 பேர். டீனா டர்னர் மறைந்த 2023-ல்? 5,838 பேர்!

2002-ல் ஹாங்காங்கில் ஒரே இடத்தில் லைன் டான்ஸ் ஆடியவர்கள் 12,168 பேர்! மாடும் இல்லை, கௌபாயும் இல்லை. சிங்கப்பூரிலோ சமூக மன்றங்களிலேயே லைன் டான்ஸ் வகுப்பு உண்டு. அங்கிருக்கும் நம் வாசகர்கள் பக்கத்து மன்றத்தில் எட்டிப் பாருங்கள்!

ஸ்பெயினின் கேட்டலோனியாவுக்குத் தனி பாணியே இருக்கிறது. துள்ளல், உதை, பாய்ச்சல்! பார்த்தாலே மூச்சு வாங்கும். முதல் நாளே அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டென்னசி மாநிலம் 2023-ல் ‘காப்பர்ஹெட் ரோடு’ பாட்டை மாநில அதிகாரபூர்வப் பாடல்களில் ஒன்றாக அறிவித்தது. லைன் டான்ஸ் தளங்களில் பூட்ஸ் இடிக்க இடிக்க ஆடும் பாட்டு அது. பாட்டின் கதை என்ன தெரியுமா? கள்ளச்சாராயம் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்து, வியட்நாம் போருக்குப் போய் வந்து, கஞ்சா பயிரிடும் ஆளின் கதை! மாநிலப் பாடல், ஐயா, மாநிலப் பாடல்!

‘சா சா ஸ்லைட்’ பாட்டில் ஆசிரியரே தேவையில்லை. எந்தக் காலை எங்கே வைக்க வேண்டும் என்று பாட்டே சொல்லிவிடும்! சிகாகோவின் டி.ஜே. கேஸ்பர் இதை 1998-ல் உருவாக்கியது எதற்கு? ஜிம்மில் பயிற்சியாளராக இருந்த தன் உடன்பிறந்தவர் மகனின் உடற்பயிற்சி வகுப்புக்காக! 2004-ல் அது பிரிட்டனில் முதலிடம்!

ஹாலிவுட் காட்டாத ஒன்று: அந்தக் கால மேற்கு அமெரிக்காவில் நான்கு கௌபாய்களில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் மதிப்பீடு! கன்ட்ரி இசையின் அடையாளமான பாஞ்சோவின் மூதாதை ஆப்பிரிக்கா!

2024-ல் ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ பாட்டோடு பில்போர்டின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் ஆனார் பியான்சே. அந்த இடத்துக்கு அடுத்து வந்தவர் ஷபூஸி. அவரும் கறுப்பினத்தவர்! அவருடைய ‘எ பார் சாங்’ அதே ஆண்டு ‘ஹாட் 100’-ல் 19 வாரம் முதலிடம். ‘ஓல்ட் டவுன் ரோடு’ சாதனையைச் சரியாகச் சமன் செய்துவிட்டது!

2025-ன் பரபரப்பு ‘பூட்ஸ் ஆன் தி கிரவுண்ட்’ பாட்டு. அதற்கு ஆடுவோர் கையில் மடக்கு விசிறி! ‘படார்’ என்று விரித்துத் தாளம் போடுவார்கள். கால் ஆட்டத்துக்கு விசிறி ஒலி பக்கவாத்தியம்!

கௌபாய் என்றதும் நினைவுக்கு வரும் ஸ்டெட்சன் தொப்பி எந்தப் பாலைவனத்தில் பிறந்தது? எந்தப் பாலைவனமும் இல்லை. 1865-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி இருந்தது கிழக்குக் கரைப் பெருநகரமான பிலடெல்பியாவில்!

பூட்ஸின் உயரமான குதிகால் அழகுக்காக வைத்ததல்ல. குதிரைச் சேணத்தின் கால் வளையத்தில் பாதம் நழுவி மாட்டிக்கொள்ளாமல் இருக்க! வழவழப்பான தோல் அடிப்பாகம், வளையத்துக்குள் காலைச் சட்டென்று நுழைக்க. அதே வழவழப்புதான் தளத்தில் வழுக்கிக்கொண்டு திரும்பவும் உதவுகிறது. குதிரைக்காகச் செய்தது, கூத்துக்கு உதவியது! ஆனால் முதல் நாளே பூட்ஸ் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். ரப்பர் பிடிப்பு அதிகமில்லாத, காலைவிட்டுக் கழன்று ஓடாத ஷூ எதுவானாலும் போதும். செருப்பு மட்டும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் பூட்ஸ் போட்டிருப்பார், ஜாக்கிரதை!

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ‘பில்லி பாப்ஸ் டெக்சாஸ்’ என்றொரு இடம். பரப்பளவு 1,27,000 சதுர அடி! 1910-ல் கட்டியபோது அது மாட்டுக் கொட்டகை. பிறகு பெரிய கடையாக இருந்தது. எவ்வளவு பெரிய கடை? சரக்கு அடுக்கும் பையன்கள் ரோலர் ஸ்கேட் மாட்டிக்கொண்டு ஓடும் அளவுக்கு! 1981-ல் கன்ட்ரி கிளப் ஆனது. உள்ளே நிஜக் காளைச் சவாரி. ஆமாம், கூரைக்குக் கீழேயே!

நாஷ்வில்லில் ‘வைல்டுஹார்ஸ் சலூன்’ 1994-ல் திறந்தபோது ரிப்பன் வெட்டியா தொடங்கினார்கள்? நகரின் நடுத்தெருவில் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தவர் பாடகி ரீபா மெக்கன்டையர்! லட்சக்கணக்கானோர் முதல் கிரேப்வைன் வைத்த அந்தக் கட்டடம் 2024-ல் பாடகர் லூக் கோம்ப்ஸின் ‘கேட்டகரி 10’ ஆக மாறிவிட்டது.

சான் பிரான்சிஸ்கோவின் ‘சன்டான்ஸ் சலூன்’ 1998 முதல் நடக்கிறது. பால்புதுமையினர் சமூகம் தொடங்கிய கன்ட்ரி நடன இடம். லாபம் பார்க்கும் கிளப் அல்ல, தொண்டர்கள் தூக்கி நடத்துவது! முதலில் புதியவர்களுக்குப் பாடம், அப்புறம் ஆட்டம். ஆணும் ஆணும் ஜோடியாக டூ ஸ்டெப் ஆடுவார்கள், பக்கத்திலேயே வரிசை கட்டி லைன் டான்ஸ் ஓடும்!

ஒரே தளத்தில் இரண்டுமா, மோதாதா? மோதாது! ஜோடிகள் ஓரமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாகச் சுற்றுவார்கள். லைன் டான்ஸ் நடுவில். நெடுஞ்சாலை மாதிரி விதி இருக்கிறது!

இன்னும் வேடிக்கை: ஒரே பாட்டுக்கு முன்பாதிக் கூட்டம் ஓர் ஆட்டம், பின்பாதிக் கூட்டம் வேறோர் ஆட்டம் ஆடுவதும் உண்டு! நடுக்கோட்டில் நிற்பவர் பாடு திண்டாட்டம்.

கையில் கோப்பையோடு தளத்தில் ஏறவே கூடாது. பார்ட்டி விதிகளிலேயே கறாரானது இதுதான். நாலு சொட்டு சிந்தினால் போதும், பத்துப் பேர் வழுக்குவார்கள்!

எல்லாம் பழகிவிட்டது என்று நிமிரும்போது வரும் ‘ரீஸ்டார்ட்’! பாட்டுக்குப் பொருந்த வேண்டுமென்று ஆட்டத்தைப் பாதியில் அறுத்து, முதலிலிருந்து தொடங்குவது. ‘டேக்’ என்றால் எங்கிருந்தோ கூடுதலாக நாலு அடி ஒட்டுவது. தெரியாதவர் இடப்பக்கம் போவார், மொத்தக் கூட்டமும் வலப்பக்கம் போகும்! அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் முதல் பாடத்துக்கு டேக்கும் ரீஸ்டார்ட்டும் இல்லாத ஆட்டமாகப் பார்த்து எடுப்பார்கள்.

அடிகளை எழுதிவைக்கும் தாளுக்கு ‘ஸ்டெப் ஷீட்’ என்று பெயர். உலகம் முழுக்க இதுவரை எழுதியவை எத்தனை? ஒரு லட்சத்துக்கும் மேல்! தினம் ஒன்று கற்றாலும் 270 வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

மூளைக்கும் நல்லது! நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-ல் மருத்துவ இதழில் வந்தது. நடை, நீச்சல், சைக்கிள் என்று உடற்பயிற்சிகள் பலவற்றைப் பார்த்தார்கள். டிமென்ஷியா அபாயம் குறைந்திருந்தது ஒன்றே ஒன்றோடுதான். நடனம்! லைன் டான்ஸ் என்று தனியாகச் சொல்லவில்லைதான். ஆனால் 32 கௌன்ட்டை நினைவில் வைத்து, நாலு சுவருக்கும் திரும்பி, நடுவில் ரீஸ்டார்ட்டும் பிடிப்பது மூளைக்கு வேலை இல்லாமல் வேறென்ன?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்களா? ‘பிகினர் நைட்’ என்று போர்டு கண்டால் தயங்காமல் நுழையுங்கள். பாடம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். அந்த முதல் ஆட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது அதைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கும்!